மூன்று மைக்ரானுக்காக ஒரு லாட்டைத் திருப்பி அனுப்பியவர்களுக்கு

கோவையில் மோட்டார், பம்ப் கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

மோட்டாரின் முனையை மூடும் அலுமினிய எண்ட் கவர் லாட் திரும்பி வந்த கதை உங்களுக்குத் தெரியும். 6205 பேரிங் உட்காரும் 52 மில்லி போர், அதாவது துளை. டிராயிங்கில் அனுமதித்த அளவு எச்7, அதாவது 52.000 முதல் 52.030 வரை. வீட்டை ஒட்டிய எங்கள் பட்டறையில் டயல் போர் கேஜ் 52.006 காட்டியது. உங்கள் ஏசி ரூமில் 51.997, அதாவது 3 மைக்ரான் குறைவு (ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). உடனே சிவப்பு டேக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டீர்கள்.

இரண்டு ரீடிங்கும் பொய்யில்லை, ஐயா. உங்கள் ரூம் 20 டிகிரி. சித்திரை மதியத்தில் எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே 35 டிகிரிக்குக் குறையாது. ஒரு டிகிரி ஏறினால் அலுமினியம் மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும். இரும்பு அதில் பாதிதான். எங்கள் கேஜும் அதை செட் பண்ணும் ரிங்கும் இரும்பு. அளக்கும் பீஸான ஜாபும் இரும்பு என்றால் எல்லாம் சேர்ந்தே விரியும், வித்தியாசம் தெரியாது. ஜாப் இந்தக் கவர் போல அலுமினியமாக இருந்தால், 15 டிகிரிக்கு 52 மில்லியில் 9 மைக்ரான் வித்தியாசம் வந்துவிடும். 52.006-இல் 9 மைக்ரானைக் கழித்துப் பாருங்கள், உங்கள் ரீடிங் அப்படியே வரும்.

அளவு என்றால் 20 டிகிரியில்தான் என்பது உலகம் ஒப்புக்கொண்ட விதி. அதோடு எனக்குச் சண்டை இல்லை. பட்டறைக்காரரே கணக்குப் போட்டுக்கொள்ளக் கூடாதா என்பீர்கள். எந்தச் சூட்டை வைத்துப் போடுவது? போரிங் முடித்து லேத்தின் பிடியான சக்கிலிருந்து கழற்றும்போது கவர் கைக்குச் சுடுகிறது. சர்ஃபேஸ் பிளேட்டில் கேஜுக்குப் பக்கத்திலேயே ஆற வைத்துத்தான் அளக்கிறோம். ஆறினாலும் மதியம் ஒரு சூடு, ராத்திரி ஒரு சூடு. உங்களிடம் பாஸான ஒரு கவரை, அளவைக் குறித்து, மாஸ்டராகக் கொடுத்தால் போதும். எங்கள் ஷெட்டில் அதுவும் ஜாபோடு சேர்ந்தே விரியும். கேஜை அதில் செட் பண்ணிக்கொண்டால் இந்த 9 மைக்ரான் தகராறே வராது.

நான் கேட்பது ஒன்றுதான். ரிஜெக்ட் போடும் முன் எங்களைக் கூப்பிடுங்கள். ஒரே பீஸை, ஒரே இடத்தில், இரண்டு கேஜாலும் சேர்ந்து அளப்போம்.

எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேஜுக்கும் ஓர் எல்லை உண்டு. உங்கள் கேலிபரேஷன் சர்ட்டிபிகேட்டிலேயே அந்த நிச்சயமின்மையை எண்ணாகப் போட்டிருப்பார்கள். பீஸ் அளவில் இல்லை என்று சொல்கிறவர்தான், தான் அளந்ததன் மொத்த நிச்சயமின்மையையும் தாண்டி அது வெளியே நிற்பதைக் காட்ட வேண்டும் என்கிறது ஐஎஸ்ஓ 14253 என்ற உலகத் தரவிதி. கோட்டுக்கு வெளியே 3 மைக்ரான் என்கிறீர்களே, உங்கள் அளவின் நிச்சயமின்மை எவ்வளவு? கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.

பதிலுக்கு முன்னால் டெபிட் நோட் வந்துவிட்டது. காஸ்டிங் உங்களுடையது, எங்களுக்கு போரிங் கூலி மட்டும். ரிஜெக்ட் ஆனால் கூலியும் இல்லை, காஸ்டிங் விலையையும் எங்கள் கணக்கில் பிடித்துக்கொள்கிறீர்கள். ஒரு கவர் போனால் பல கவரின் கூலி போகிறது. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் ஒரு லேத்தை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் இதை எப்படித் தாங்குவார்கள்? சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. போர் அளவில் 3 மைக்ரானை விடாத கம்பெனி, அந்த 45 நாளை மட்டும் எத்தனை மாதம் வேண்டுமானாலும் இழுக்கலாமா?

சரி, அது அக்கவுண்ட்ஸ் பிரிவு, உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பதை மட்டும் பணிவோடு கேட்கிறேன். அந்த லாட் இன்னும் என் பட்டறையில் டேக்கோடு அப்படியே இருக்கிறது. ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள், கவர்களையும் என் கேஜையும் உங்கள் ரூமுக்கே கொண்டு வருகிறேன். சேர்ந்து அளப்போம். அதுவரை டெபிட் நோட்டை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
கணபதியிலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரர்