நளினிக்கு: கையெழுத்துப் போடுவதற்கு முன்

ஹாரோ, லண்டன்,
16 பிப்ரவரி 2026

அன்புள்ள நளினி,

உன் கடிதமும், உன் வாடகை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்சி உனக்கு அனுப்பிய மின்னஞ்சலும் நேற்றுக் கிடைத்தன. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். வீட்டு விஷயம் நாள் கணக்கில் ஓடுவதால் அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

'மார்ச் 14-ஆம் தேதியோடு உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. மாதம் 1,500 பவுண்டுக்கு 12 மாதப் புதுப்பிப்பில் ஏழு நாளுக்குள் கையெழுத்திடவும். இல்லையென்றால் வீட்டைப் பிறருக்குக் காட்டத் தொடங்குவோம்.' இப்படித்தானே எழுதியிருக்கிறார்கள்? அந்த ஏழு நாள் எந்தச் சட்டத்திலும் இல்லை, ஏஜென்ட் தானாக வைத்த கெடு. நீ ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் மார்ச் 15 காலையில் அந்த வீட்டில் சட்டப்படியான வாடகைதாரராகத்தான் இருப்பாய். 1988 வீட்டுவசதிச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, குறித்த காலம் முடிந்ததும் அதே வாடகை, அதே நிபந்தனைகளோடு மாதத்துக்கு மாதம் நீளும் குடியிருப்பாக அது தானே மாறிவிடும். இங்கே இதைப் பீரியாடிக் டெனன்சி என்பார்கள். ஊரில் 11 மாத அக்ரிமென்ட் முடிந்தால் புதுசு போடு அல்லது காலி செய் என்று கேட்டே வளர்ந்த நமக்கு இது சட்டென்று மனதில் ஏறாது. இங்கே நம்மவர்கள் பலர் அவசரமாகக் கையெழுத்துப் போடுவது அந்தப் பயத்தில்தான்.

ஏஜென்ட் ஏன் இப்படித் துரத்துகிறார் என்று கேட்டிருந்தாய். பல ஏஜென்சிகளில் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் வீட்டுக்காரரிடம் தனியாகக் கமிஷன் உண்டு. கையெழுத்து விழாமல் மாதக்கணக்கில் ஓடினால் அந்தக் கமிஷனைக் கேட்பது அவர்களுக்குக் கஷ்டம். ஆகவே உன்னை நெருக்குவது வீட்டுக்காரரின் விருப்பம்தான் என்று எடுத்துக்கொள்ளாதே. ஏஜென்ட் என்ன எழுதினார் என்பதே தெரியாத வீட்டுக்காரர்கள் நிறைய உண்டு. அவருடைய பெயரையும் முகவரியையும் வாடகை வாங்கும் ஏஜென்டிடம் எழுத்தில் கேள். 1985 சட்டப்படி 21 நாளுக்குள் தந்தாக வேண்டும், காரணமில்லாமல் தராமல் இருப்பது குற்றம். முகவரி கையில் வந்ததும் அவருக்கே நேராக ஒரு கடிதம் போடு. வாடகையைத் தவறாமல் கட்டும் ஆளை இழந்தால் வீடு ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்பதை ஏஜென்டைவிட அவர்தான் நன்றாக உணர்வார்.

இந்த வருஷம் கணக்கே வேறு. வாடகைதாரர் உரிமைச் சட்டம் போன அக்டோபர் 27-ஆம் தேதி அரச ஒப்புதல் பெற்றது. மே 1 முதல் இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளின் ஃபிக்ஸட் டெர்ம், அதாவது குறித்த கால ஒப்பந்தம், எல்லாம் பீரியாடிக் ஆகிவிடும். நீ மார்ச்சில் 12 மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டாலும் மே 1 அன்று அந்த 12 மாதம் கரைந்துவிடும். அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துக் கிளம்பலாம். ஆகவே 'ஒரு வருஷம் மாட்டிக்கொள்வோமோ' என்று நீ கவலைப்பட வேண்டியதில்லை. மிச்சமிருப்பது இரண்டே விஷயம்: நீ இப்போது கட்டும் 1,400-க்கு மேல் மாதம் 100 பவுண்டு, அடுத்து செக்‌ஷன் 21.

செக்‌ஷன் 21 என்பது காரணம் சொல்லாமலே இரண்டு மாத நோட்டீஸில் வீட்டைக் கேட்கும் வழி. மே 1-இல் அது ஒழிகிறது. ஆனால் ஏப்ரல் 30 வரை கொடுக்கலாம், அப்படிக் கொடுத்ததை வைத்து ஜூலை 31-க்குள் நீதிமன்றத்துக்கும் போகலாம். கையெழுத்துப் போட்டால், குறித்த காலம் ஓடும்போது அந்த வழியில் வெளியேற்ற முடியாது என்பதால், அந்த ஜன்னல் உனக்கு மூடிவிடும், போடாவிட்டால் ஏப்ரல் 30 வரை திறந்திருக்கும். 'கையெழுத்தே தேவையில்லை' என்று சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த நோட்டீஸ் செல்லுமா என்பதை உன் கோப்பைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். டெபாசிட் கட்டிய 30 நாளுக்குள் அது பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்ந்து, அதன் விவரத் தாள் உனக்கு வந்திருக்க வேண்டும். திட்டங்கள் மூன்றுதான்: டிபிஎஸ், மைடெபாசிட்ஸ், டிடிஎஸ். மூன்றின் தளத்திலும் உன் பெயரையும் அஞ்சல் குறியீட்டையும் போட்டுத் தேடு. கேஸ் சான்றிதழ், ஆற்றல் மதிப்பீட்டுச் சான்றிதழ், அரசின் 'ஹவ் டு ரென்ட்' கையேடு ஆகியவை எந்தத் தேதியில் வந்தன என்றும் பழைய மின்னஞ்சலில் பார். இதில் ஓட்டை இருந்தால் நோட்டீஸ் பெரும்பாலும் நிற்காது. நின்றாலும் அந்தத் தேதியில் பூட்டை மாற்ற யாருக்கும் அதிகாரமில்லை. நீதிமன்ற உத்தரவும் அமீனாவும் இல்லாமல் வெளியேற்றுவது 1977 சட்டப்படி குற்றம்.

இனி வாடகை. 1,400-லிருந்து 1,500 என்றால் வருஷத்துக்கு 1,200 பவுண்டு. நீ கையெழுத்துப் போட்டால் அது நீயே சம்மதித்த தொகை, பிறகு முறையிட வழியில்லை. போடாவிட்டால் அவர்கள் செக்‌ஷன் 13 என்ற வாடகை உயர்வு நோட்டீஸ் வழியாக வர வேண்டும். இப்போது படிவம் 4, குறைந்தது ஒரு மாத நோட்டீஸ். மே 1 முதல் படிவம் 4ஏ, இரண்டு மாத நோட்டீஸ், வருஷத்துக்கு ஒரே தடவை. அதிகம் என்று தோன்றினால் புதிய வாடகை தொடங்கும் தேதிக்கு முன்பே தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கலாம், ஒரு நாள் தாண்டினாலும் எடுக்க மாட்டார்கள். தீர்ப்பாயம் பார்ப்பது அந்த வீட்டுக்குச் சந்தையில் என்ன கிடைக்கும் என்பதை மட்டும்தான், வீட்டுக்காரரின் கடன் வட்டி ஏறியது கணக்கில் வராது. பழைய முறையில் தீர்ப்பாயம் அவர் கேட்டதைவிடக் கூட்டியும் வைக்கலாம். புதிய சட்டத்தில் கேட்டதைத் தாண்ட முடியாது, பின்தேதியிட்டு வசூலிக்கவும் முடியாது. முடிந்தால் மே வரை தள்ளு என்று நான் சொல்வது இதற்காகத்தான். ஆனால் அவர்கள் அதற்குள் படிவம் 4 அனுப்பிவிட்டால், அந்தத் தேதியைக் கோட்டைவிடாதே. உன் அக்ரிமென்டில் வாடகை உயர்வு பற்றித் தனி ஷரத்து இருக்கிறதா என்றும் பார். இருந்தால் மே 1 வரை அந்த ஷரத்துப்படியே உயர்த்தலாம்.

புதிய ஒப்பந்தத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் சில்லறைகளையும் கவனி. புதுப்பிப்புக் கட்டணம் என்று ஒரு பென்ஸ்கூட வாங்கக் கூடாது, 2019 ஜூன் 1 முதல் தடை. டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது: 1,400-க்கு 1,615 பவுண்டு 38 பென்ஸ், 1,500-க்கு 1,730 பவுண்டு 77 பென்ஸ். புதுப்பிக்கும்போது அந்த 115 சொச்சத்தைக் கூடுதலாகக் கேட்பார்கள். கையெழுத்துப் போடாமல் தொடர்ந்தால் அதைத் தர வேண்டியதில்லை. ஆறு மாத வாடகை முன்பணம், புதிதாக ஜாமீன்தாரர் என்று எந்த ஷரத்து வந்தாலும் ஒப்புக்கொள்ளாதே.

நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டாய். இன்றே ரைட்மூவ் என்ற வீட்டு விளம்பரத் தளத்தில் உன் தெருவைச் சுற்றி, அதே படுக்கையறை எண்ணிக்கையில் ஐந்தாறு வீடுகளைப் பார்த்துப் படமெடுத்து வை. 1,400-ஐ ஒட்டியே இருந்தால் கையெழுத்து வேண்டாம். எல்லாமே 1,500-ஐத் தாண்டினால், 1,440-க்குப் பேசிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. செக்‌ஷன் 21 ஜன்னலை மூடுவதற்கு மாதம் 40 பவுண்டு அதிகமில்லை, பள்ளி வருஷத்தின் நடுவில் பையனோடு வீடு மாறுவதைவிட எவ்வளவோ மேல். தொலைபேசியில் மட்டும் எதையும் ஒப்புக்கொள்ளாதே. புதிய தொகையை ஒரே ஒரு மாதம் கட்டினாலும் சம்மதித்ததாகச் சொல்வார்கள். பழைய 1,400-ஐ உரிய தேதியில் கட்டிக்கொண்டே இரு.

பதிலை மூன்றே வரியில் எழுது. தொடர்ந்து குடியிருக்க விரும்புகிறேன். மார்ச் 15 முதல் மாதாந்தரக் குடியிருப்பாக இதே வாடகையில் தொடர்வதாகப் புரிந்துகொள்கிறேன். வாடகை பற்றி வீட்டுக்காரரிடம் நேராகப் பேச அவருடைய பெயரும் முகவரியும் வேண்டும். அவ்வளவுதான், மன்னிப்பும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். திரும்பவும் மிரட்டினால் ஏஜென்சியிலேயே எழுத்தில் புகார் கொடு. எட்டு வாரத்தில் தீரவில்லை என்றால், அவர்கள் உறுப்பினராக இருக்கும் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். எது என்பது அவர்களுடைய தளத்தின் அடியில் இருக்கும்.

தம்பி கிளாஸ்கோவுக்குப் போகிறான் என்று எழுதியிருந்தாயே, அவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஸ்காட்லாந்தில் 2017 டிசம்பரிலிருந்து புதிய வாடகைக்கு ஃபிக்ஸட் டெர்மே கிடையாது.

உன் அக்ரிமென்டில் 'குறித்த காலம் முடிந்த பின்' என்று வரும் பத்தியையும், டெபாசிட் சான்றிதழையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை மாலை இருவரும் உட்கார்ந்து பதிலைச் சரிபார்த்துவிடலாம்.

அன்புடன்,
தேன்மொழி