நூறு ரூபாய் வீடு

ஆசிரியருக்கு வணக்கம்.

ராஜ் கபூரின் ‘ஸ்ரீ 420’ (1955) இந்திப் படத்தைப் பற்றி யார் எழுதினாலும் ஜப்பான் ஷூ பாட்டு, மழை, குடை என்று அதோடு நிறுத்திவிடுகிறார்கள். நல்ல பாட்டுதான், சரி. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது பின்பாதியில் வரும், நூறு ரூபாய்க்கு வீடு தருவதாக ஏழைகளை ஏமாற்றும் அந்த மோசடித் திட்டம். வேலை தேடி பம்பாய்க்கு வந்து, நேர்மைக்காகக் கிடைத்த பதக்கத்தையே அடகு வைத்த பட்டதாரி ராஜுவின் முகத்தை நம்பி, நடைபாதையில் படுத்துக் கிடப்பவர்கள்கூட சேர்த்து வைத்த காசைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பின்னால் இருந்து ஆட்டி வைக்கும் சேட்டு சோனாசந்தோ ஊருக்குப் பெரிய மனிதர். கதாசிரியர் கே.ஏ. அப்பாஸ் எழுத்தின் கூர்மை அங்கேதான் இருக்கிறது, பாட்டில் இல்லை. சினிமாப் பக்கத்தில் அடுத்த முறை அதைப் பற்றியும் கொஞ்சம் எழுதச் சொல்லுங்கள்.

– ஒரு பழைய சினிமா ரசிகர்