மீனாளின் வண்டியைப் பார்த்தேன்

காரைக்குடி

அன்புள்ள சொக்கலிங்கம்,

உன் கடிதம் கிடைத்தது. மீனாள் ஓட்டும்போது உன் பழைய பைக் அலைகிறது, அதை விற்றுவிட்டு அவளுக்கு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். கானாடுகாத்தானுக்கே போய் வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளையின் ஓட்டத்தில் குறை இல்லை, வண்டியிலும் பெரிய கோளாறு இல்லை. அது இன்னும் உன் பாரத்துக்கு வைத்தபடியே நிற்கிறது.

பின்பக்க ஷாக் அப்சர்பர்களில் ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வளையம் இருக்கிறது அல்லவா? அதில் ஐந்து படிகள். பின்னால் ஆளையும் ஏற்றி, அரிசி மூட்டையையும் கட்டிக்கொண்டு நீ தேவகோட்டைக்குப் போய்வந்த காலத்தில் வைத்த ஐந்தாம் படியிலேயே இடப்பக்கம் இருந்தது. வலப்பக்கம் நான்கில். இருபக்கமும் ஒரே படியில் இல்லாவிட்டால் பின்சக்கரத்தைத் தாங்கும் கை முறுக்கிக்கொள்ளும். இதை யாரும் கவனிக்கவே இல்லை.

படியை ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று பட்டறைகளிலேயே சொல்கிறார்கள். ஸ்பிரிங்கின் வலு மாறுவதில்லை. முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தி வைக்கிறோம், அதனால் அது அசையத் தொடங்குவதற்கே கூடுதல் பாரம் வேண்டியிருக்கிறது. மீனாள் 44 கிலோ. அவள் ஏறி உட்கார்ந்தும் வண்டி போதிய அளவு அமுங்கவில்லை. சரியாக அமுங்காத ஸ்பிரிங்குக்கு நீள்வதற்கும் இடம் இருக்காது. சாலையில் பள்ளம் வரும்போது சக்கரம் அதற்குள் இறங்க வேண்டும். இங்கே இறங்க வழியில்லாமல் டயர் தரையை விட்டுப் பிரிந்து, அடுத்த மேட்டில் போய் மோதுகிறது. அந்த உதறலுக்குப் பயந்து அவள் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறாள். இறுக்க இறுக்க வண்டி அலைகிறது. நீ பார்த்து அஞ்சியது இதைத்தான்.

முதலில் காற்றைப் பார்த்தேன். காலையில் வண்டி எடுக்கும் முன்பே இரண்டு டயரிலும் காற்றழுத்தம் 40 பி.எஸ்.ஐ. இருந்தது. வண்டியில் ஒட்டியிருக்கும் தாளில் ஒருவர் மட்டும் ஓட்டுவதற்கு என்ன போட்டிருக்கிறதோ, அந்த அளவுக்கு இறக்கினேன். பாதித் தொல்லை அதிலேயே போய்விட்டது.

பிறகு அளந்தோம். நடு ஸ்டாண்டில் நிறுத்தினால் பின்சக்கரம் தொங்கும். அச்சு நட்டிலிருந்து நேர்மேலே சட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, அந்த உயரத்தைக் குறித்துக்கொண்டேன். அடுத்து ஸ்டாண்டை எடுத்துவிட்டு, மீனாள் இரண்டு காலையும் மிதியில் வைத்து உட்கார, கார் ஓட்டுகிற பையன் முன்னால் நின்று பிடித்துக்கொண்டான். பின்பக்கத்தை ஓரிருமுறை அமுக்கி விட்டபிறகு மறுபடி அளந்தால், வித்தியாசம் 9 மி.மீ.தான். இப்படி இரட்டை ஷாக் உள்ள சாதாரண வண்டிகளில் பின்சக்கரம் ஏறி இறங்கும் மொத்த தூரம் பொதுவாக 80 முதல் 100 மி.மீ. இருக்கும். அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை ஆள் ஏறியவுடனேயே அமுங்க வேண்டும்.

வளையத்தில் செம்மண் அப்பிக் கல்லாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, கொக்கி ஸ்பேனரால் ஒவ்வொரு படியாக இறக்கினேன். ஐந்திலிருந்து ஒரேயடியாக ஒன்றுக்குத் தள்ளக் கூடாது, ஷாக் கெட்டுவிடும். முதல் படியில் 21 மி.மீ. வந்தது. போதும். சீட்டும் கொஞ்சம் தாழ்ந்ததால் இப்போது அவள் பாதம் நன்றாக ஊன்றுகிறது. சீட்டின் பஞ்சை வெட்டிவிடலாம் என்று உன் மைத்துனர் சொன்னாராமே, தயவுசெய்து வேண்டாம். அடிவாங்குவது அவள் முதுகெலும்பாகிவிடும்.

பின்பக்கம் தாழ்ந்தால் விளக்கு மேலே பார்க்கும். அதைத் திருகி இறக்கிவிட்டேன். பக்க ஸ்டாண்டிலும் வண்டி முன்னைவிட நிமிர்ந்து நிற்கும், சரிவில் நிறுத்தாதே என்று சொல்லியிருக்கிறேன். தோழி பின்னால் ஏறினால் இரண்டு பக்கமும் மூன்றாம் படிக்கு ஏற்ற வேண்டும். அவளையே செய்யச் சொல்லிப் பார்த்தேன், செய்துவிட்டாள். விலை கூடிய வண்டிகளில் ஸ்பிரிங் திரும்பும் வேகத்தையும் திருகாணியால் குறைக்கலாம், கூட்டலாம். இதில் அந்த வசதி கிடையாது, அவளுக்கு இப்போது தேவையும் இல்லை.

முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க்கில் திருத்த ஒன்றுமில்லை. ஆனால் எண்ணெய் மாற்றி எவ்வளவு காலமாயிற்றோ! வலக் குழாயில் எண்ணெய் வளையம் தெரிகிறது, எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் தேய்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டியை இங்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கம்பெனி சொன்ன தரத்தில், சொன்ன அளவு எண்ணெய் மட்டும் ஊற்றுவேன். இலகுவான எண்ணெய் ஊற்றினால் மெத்தென்று இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். பிரேக் பிடிக்கையில் முன்பக்கம் சட்டென்று மூழ்கும், புதிதாகப் பழகும் பிள்ளைக்கு அது ஆகாது.

நேற்று அழகப்பா பல்கலைக்கழகம் வரை அவள் முன்னால் போக, நான் பின்னால் போனேன். முழங்கை தளர்ந்திருந்தது, வேகத்தடையில் டயர் தரையை விடவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மற்றபடி, உங்கள் எதிர்வீட்டை இடிக்கப் போகிறார்கள். தேக்குத் தூண்கள் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைக்கு வந்துவிட்டன; பார்க்கவே மனம் தாங்கவில்லை. உன் ஆத்தாளுக்கு மூட்டுவலி இருந்தாலும் எனக்குக் கந்தரப்பம் சுடாமல் விடவில்லை. தங்கச்சிக்குக் கண் அறுவை என்றைக்கு என்று நீ எழுதவே இல்லை. தேதியைச் சொல், நான் கிளம்பி வருகிறேன். சீலுக்குப் பணம் அனுப்பாதே.

அன்புடன்,
வயிரவன்