டீசல் காரின் கணக்கு மாறிவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆறு சிலிண்டர் பெட்ரோல் காரையும் நான்கு சிலிண்டர் டீசல் காரையும் ஒப்பிட்டு ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரே வரிசையில் அமைந்த ஆறு பிஸ்டன்களின் அசைவுகள் ஒன்றையொன்று சமன்செய்துவிடுவதால் அதிர்வு மிகக் குறைவு என்ற விளக்கம் அருமை. சரி, ஆனால் சிக்கனம் என்றால் டீசல்தான் என்று முடித்தது இடிக்கிறது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டானதைக் கட்டுரை கண்டுகொள்ளவே இல்லை. லிட்டருக்குக் கூடுதலாக ஓடும் கிலோமீட்டரை அந்த விலையே அப்போது விழுங்கிவிட்டது. (ஆறு சிலிண்டர் எங்களுக்கு எட்டாக்கனி, மூன்று லிட்டர் காருக்குச் சாலை வரியே ஆண்டுக்கு 2,000 ரிங்கிட்டைத் தாண்டும்.)

தோட்டத்துக்கும் சுங்கை சிப்புட் பட்டணத்துக்கும் இடையே குறுந்தூரமே ஓடும் என் டீசல் காரில் கரிப்புகை வடிகட்டி அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. சேர்ந்த கரி எரிய வேண்டுமானால் நெடுஞ்சாலையில் நீண்ட ஓட்டம் வேண்டும் என்கிறார் பட்டறைக்காரர். அதற்கும் எண்ணெய் ஊற்ற வேண்டுமே! அடுத்த முறை நான்கு சிலிண்டர் பெட்ரோல் காரையும் சேர்த்து, உள்ளூர் எண்ணெய் விலை, சாலை வரி, பட்டறைச் செலவு அடங்கிய மாதக் கணக்கை வெளியிடுங்கள்.

தோட்டப்புற வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்