ரெண்டு தட்டு தட்டினா உண்மை வந்துருமா?

டேய் சேகரு,

நல்லா இருக்கியா. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு பாலாஜி சொன்னான், ரொம்ப சந்தோஷம், சொட்டு மருந்த நேரத்துக்கு விடச் சொல்லு. ஆறேழு மாசமா ஒரு வரி கூட போடலன்னு திட்டுவ, திட்டிக்கோ. போன்ல பேசலாம்தான், ஆனா நீ நடுவுல பூந்து சத்தமா பேசியே ஜெயிச்சிருவ, ஹாஸ்டல் மெஸ் கமிட்டி காலத்துல இருந்து அதான உன் டெக்னிக்கு. அதனால உக்காந்து முழுசா படி.

நம்ம பேட்ச் குரூப்ல உங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன் பையன் போட்டோவ போட்டு, நகை காணோம், இவன்மேலதான் எல்லாருக்கும் சந்தேகம், "ரெண்டு தட்டு தட்டினா உண்மை தானா வந்துரும்"னு எழுதியிருந்தியே. கீழ நம்ம பசங்க வரிசையா கட்டைவிரல தூக்கி காட்டியிருந்தானுங்க. அதப் பாத்ததுல இருந்து எனக்கு மனசே சரியில்லடா. அந்த நேரத்துல நான் படிச்சிட்டு இருந்தது என்ன தெரியுமா, 1761ல பிரான்ஸ்ல துலூஸ் ஊர்ல நடந்த ஒரு கேஸு. உன் வரியும் அந்த ஊர் ஜனங்க பேச்சும் அச்சு அசல் ஒண்ணா இருந்துச்சு.

ழான் கலாஸ்னு ஒரு துணி வியாபாரி, 60 வயச தாண்டினவரு, புராட்டஸ்டண்ட்காரர். ஊர் முழுக்க கத்தோலிக்கர்ங்க. அக்டோபர் 13 ராத்திரி, வீட்ல எல்லாரும் சாப்ட்டு முடிச்சு, விருந்தாளிய வழியனுப்ப கீழ எறங்கி வந்தா கடைக்குள்ள மூத்த பையன் மார்க் அந்துவான் செத்துக் கெடக்கான். 28 வயசு, வக்கீலாகணும்னு ஆசைப்பட்டவன், கத்தோலிக்கன்னு சர்டிஃபிகேட் இல்லாததால ஆக முடியல. அந்த காலத்துல தற்கொலைன்னா பொணத்த தெருவுல இழுத்துட்டு போவாங்க, அதுக்கு பயந்து வீட்டுக்காரங்க முதல்ல யாரோ கொன்னுட்டாங்கன்னு சொல்லிட்டாங்க, அப்புறம் தூக்குல தொங்கினான்னு மாத்தி சொன்னாங்க. அவ்வளவுதான். கூட்டத்துல எவனோ ஒருத்தன், பையன் மதம் மாறப் போனான், அப்பனே கொன்னுட்டான்னு கத்திட்டான். மறுநாள் அது ஊருக்கே தெரிஞ்ச உண்மை ஆயிருச்சு. சர்ச்ல ஞாயித்துக்கிழமைங்கள்ல அறிவிப்பு வாசிச்சாங்க, தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்கன்னு, ஆனா கேள்விய அமைச்சதே அப்பன்தான் கொன்னான்ங்கற மாதிரி. நேர்ல பாத்த ஒரு சாட்சி கெடையாது, அவன் சொன்னத இவன் கேட்டான், இவன் சொன்னத பக்கத்து வீட்டு அம்மா கேட்டாங்க, இதுதான் மொத்த கேஸும்.

கோர்ட்ல 13 ஜட்ஜுங்க, 8 பேர் சாகட்டும்னு சொன்னாங்க. 1762 மார்ச் 10. கூட்டாளி யாருன்னு சொல்லுன்னு மொதல்ல உடம்ப இழுத்துக் கட்டினாங்க, வாய்ல தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் இரும்புத் தடியால கை கால் எலும்பெல்லாம் ஒடச்சு சக்கரத்து மேல மல்லாக்கப் போட்டாங்க. 2 மணி நேரம் உயிரோட கெடந்தாரு சேகரு. கடைசி வரைக்கும் நான் குத்தமில்லன்னுதான் சொன்னாரு. அப்புறம் கழுத்த நெரிச்சு, உடம்ப எரிச்சாங்க. பொண்ணுங்கள கன்னியர் மடத்துல அடைச்சாங்க.

இங்கதான் வால்டேர்ங்கற பிரெஞ்சு எழுத்தாளர் வர்றாரு. முதல்ல கேள்விப்பட்டப்ப அவரும் அந்த ஆளு கொன்னிருப்பான்னுதான் ஒரு லெட்டர்ல கிண்டலா எழுதினாரு. அப்புறம் உறுத்த ஆரம்பிச்சிருச்சு. கலாஸோட கடைசிப் பையன் ஜெனீவால இருக்கான்னு தெரிஞ்சு அவன வரவழச்சு துருவித் துருவி விசாரிச்சாரு. அவரு வச்ச கேள்விங்கள பாரு, எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு. 60 தாண்டின கெழவன் 28 வயசு தெடகாத்திரமான பையன தனியா தூக்குல மாட்ட முடியுமா? முடியாதுன்னா அந்த வீட்ல இருந்த அத்தன பேரும் சேர்ந்துதான் செஞ்சிருக்கணும். வேலக்கார அம்மா கத்தோலிக்கு, அந்த வீட்டு இன்னொரு பையன் மதம் மாற ஒதவினவங்களே அவங்கதான், அதுக்கப்புறமும் கலாஸ் அவங்கள வேலய விட்டு அனுப்பல. அவங்களுமா கூட நின்னு கொன்னாங்க? எல்லாரும் சேர்ந்துதான் செஞ்சாங்கன்னா அப்பன மட்டும் கொன்னுட்டு மத்தவங்கள ஏன் விட்டீங்க? இது மூணுக்கும் அந்த கோர்ட்டுகிட்ட பதில் கெடையாது, ஏன்னா அந்த காலத்துல தீர்ப்புல காரணம் எழுதவே வேண்டாம். விசாரணை ரகசியம், தீர்ப்பு ரெண்டு வரி. துலூஸ்ல கால் சாட்சி, அரைக்கால் சாட்சின்னு புரளிங்கள கூட்டி ஒரு முழு சாட்சியா ஆக்குவாங்கன்னு வால்டேர் எழுதியிருக்காரு.

3 வருஷம் அந்த மனுஷன் விடல. கலாஸ் சம்சாரத்த பாரிஸ்க்கு அனுப்பி, வக்கீல்ங்கள புடிச்சு, மந்திரிக்கு, பெரிய மனுஷங்களுக்கு லெட்டர் மேல லெட்டர். 1763ல சகிப்புத்தன்மை பத்தி ஒரு புத்தகமே போட்டாரு. 1765 மார்ச் 9, கலாஸ் நிரபராதின்னு தீர்ப்பு, ராஜா அந்த குடும்பத்துக்கு 36,000 லிவர் (அந்த காலத்து பிரெஞ்சு பணம்) குடுத்தாரு.

நீ கேப்ப, ஒரு ஆளு செத்தப்புறம் நிரபராதின்னு சொல்லி என்ன பிரயோஜனம்னு. பிரயோஜனம் இருக்குடா. நம்ம சரித்திர வாத்தியார் அந்த காலத்து ஐரோப்பிய சிந்தனையாளர்ங்கன்னு லாக், மோன்தெஸ்கியூ, ரூசோன்னு பேர மட்டும் போர்டுல எழுதி மனப்பாடம் பண்ண சொன்னாரே, அதனால நமக்கு இவங்க எல்லாம் ஏதோ சாய்வு நாற்காலில உக்காந்து பேசினவங்கன்னு தோணிருச்சு. ஆனா இவங்க கொண்டு வந்ததுல பெருசு என்னன்னு என்னக் கேட்டா, அதிகாரத்துல இருக்கறவன் காரணம் சொல்லணும்ங்கறதுதான். ராஜாவா இருந்தாலும் ஜட்ஜா இருந்தாலும், ஏன்னு கேட்டா பதில் சொல்லணும், அந்த பதில எல்லாரும் எடுத்துப் பாக்கலாம். 1764ல பெக்காரியான்னு இத்தாலி மிலான் ஊர்க்காரன், 26 வயசுப் பையன், குற்றமும் தண்டனையும் பத்தி ஒரு சின்ன புத்தகத்த பேர் போடாம வெளியிட்டான். உன் வரிக்கு பதில் அதுல அப்படியே இருக்கு. அடிச்சு கேட்டா என்ன ஆகும்? ஒடம்புல தெம்பு இருக்கற திருடன் தாங்கிட்டு தப்பிச்சிருவான், தெம்பில்லாத அப்பாவி வலி பொறுக்க முடியாம நான்தான்னு ஒத்துக்குவான். அப்ப நீ கண்டுபிடிச்சது யாரு வலி தாங்குவாங்கறத மட்டும்தான். போப் சபை அந்த புத்தகத்த தடை லிஸ்ட்ல போட்டுச்சு, இருந்தும் ஐரோப்பா முழுக்க பரவிருச்சு. 1780ல பிரான்ஸ்ல, வாக்குமூலம் வாங்கறதுக்காக சித்திரவதை பண்றத நிறுத்தினாங்க. 1786ல இத்தாலி பக்கம் டஸ்கனி நாட்டுல மரண தண்டனையே போச்சு. 1789 பிரெஞ்சுப் புரட்சியோட உரிமைப் பிரகடனத்துல, குத்தவாளின்னு தீர்ப்பு வர்ற வரைக்கும் எவனும் நிரபராதின்னு எழுதினாங்க. 1790ல அங்க தீர்ப்புன்னா காரணம் எழுதியே ஆகணும்னு சட்டம்.

நம்ம நாட்டுலயும் போலீஸ்கிட்ட குடுத்த வாக்குமூலம் கோர்ட்ல ஒத்துக்க முடியாதுன்னு 1872 சாட்சிய சட்டத்துல இருந்தே இருக்கு, புது சட்டத்துலயும் இருக்கு. அதனால அந்த போட்டோவ எடுத்துருடா. நகை போனது பெரிய விஷயம்தான், உன் பொண்டாட்டி தாலிக்கொடியே அதுல இருந்திருந்தாலும் நான் இததான் சொல்லுவேன். கம்ப்ளைன்ட் குடு, சிசிடிவிய குடு, அன்னைக்கு யார் யார் வந்தாங்கன்னு ரெஜிஸ்டர பாரு. நீதான செக்ரட்டரி, நீ சொன்னா அசோசியேஷன் கேக்கும். அந்தப் பையனுக்கு அந்த ஊர்ல பேச ஒருத்தர் கூட கெடையாது.

இன்னொண்ணு சொல்லாம முடிக்க மாட்டேன், இது நம்ம ஊரு சமாச்சாரம். 1760ல வந்தவாசில தோத்து, 1761ல பாண்டிச்சேரிய இங்கிலீஷ்காரன்கிட்ட விட்டுட்டு போன பிரெஞ்சு தளபதி லாலி இருக்கான்ல, அவன் நம்ம ஜனங்கள படுத்தின பாடு கொஞ்சமில்ல, கீவளூர் கோயில கொள்ளையடிச்சவன். அவன் பிரான்ஸ் திரும்பினதும் தோத்த பழி பூரா அவன் தலையில விழுந்துச்சு, ராஜாவுக்கு துரோகம் பண்ணிட்டான்னு 1766ல பேச முடியாம வாய அடச்சு கொண்டு போய் தலைய வெட்டினாங்க. அந்த தீர்ப்புலயும் சரியான காரணம் கெடையாது. வால்டேர் அவனுக்காகவும் எழுதினாரு. 1778 மே மாசம் அந்த தீர்ப்ப ரத்து பண்ணிட்டாங்கன்னு சேதி வந்தப்ப வால்டேர் சாகக் கெடந்தாரு. லாலியோட பையனுக்கு நாலே வரில லெட்டர் எழுத வச்சாரு, இந்த சேதி கேட்டு செத்துட்டு இருக்கறவனுக்கு உயிர் வந்துச்சு, இனி நிம்மதியா போவேன்னு. 4 நாள்ல போயிட்டாரு. நல்லவனுக்காக எவன் வேணா பேசுவான், லாலி மாதிரி ஆளுக்கும் காரணம் காட்டித்தான் தண்டனை குடுக்கணும்னு நின்னாரு பாரு, அதுதான் எனக்கு அவர்கிட்ட ரொம்ப புடிச்சது.

பொங்கல் லீவுக்கு குடும்பத்தோட இங்க பாண்டிச்சேரிக்கு வந்துரு. ஒயிட் டவுன்ல லாலி பேர்ல இன்னமும் ஒரு வீதி இருக்கு, அங்க நடந்துகிட்டே நீ எவ்வளவு சத்தமா வேணா சண்ட போடு, கேக்கறேன். சுகுமாரையும் இழுத்துட்டு வா, டின்னர் பில்லு இந்த தடவையும் அவன்தான்.

அன்புடன்
கண்ணன்