யூகோஸ்லாவியா உடைந்ததற்கு மொழிகளா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் யூகோஸ்லாவியாவைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். போஸ்னியத் தலைநகர் சரயேவோவின் முற்றுகையைப் பற்றிய பகுதி மனதைப் பிசைந்தது. ஆனால் இத்தனை இனமும் மொழியும் மதமும் ஒரே நாட்டில் இருந்தால் உடையத்தானே செய்யும் என்று கட்டுரை போய் முடிவது எனக்கு ஒப்பவில்லை.

ருமேனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி சரிந்தபோது அங்கே 15 இலட்சத்துக்கும் அதிகமான ஹங்கேரியர்கள் இருந்தார்கள். பல்கேரியாவிலோ துருக்கியர்களின் பெயர்களையே அரசு மாற்றியது. 1989 கோடையில் மூன்று இலட்சம் பேருக்கு மேல் துருக்கிக்குக் கிளம்பிவிட்டார்கள். இவ்வளவு கசப்புக்குப் பிறகும் அந்த இரண்டு நாடுகளும் உடையவில்லை. உடைந்தவை சோவியத் ஒன்றியம், யூகோஸ்லாவியா, செக்கோஸ்லோவாகியா. ஐரோப்பியக் கம்யூனிஸ்ட் நாடுகளில் கூட்டாட்சி இருந்ததும் இந்த மூன்றில்தான். அன்று உடைந்தது கட்சி ஆட்சியே வகுத்துவைத்த குடியரசு எல்லைகளின் வழியாக. செக் மக்களுக்கும் ஸ்லோவாக் மக்களுக்கும் சொல்லும்படியான பகைகூட இல்லை. தலைவர்கள் பேசி முடித்துக்கொண்டார்கள். பொதுவாக்கெடுப்பு நடத்தவே இல்லை.

கூட்டாட்சிதான் குற்றவாளி என்று சொல்ல வரவில்லை. சுவிட்சர்லாந்து உடையவில்லையே. இவர்கள் நடத்திய கூட்டாட்சி வேறு மாதிரியானது.

என் சிறுவயதில் ஊர் நூலகத்துக்கு 'சோவியத் நாடு' இதழ் வரும். வழவழப்பான தாளில் உஸ்பெக் உடை, ஜார்ஜிய நடனம் என்று கண்ணைப் பறிக்கும். பழைய இதழ்களை நோட்டுக்கு அட்டை போடப் பங்கு பிரித்துக்கொள்வோம். பதினைந்து குடியரசுகளையும் அழகுக்காகக் காட்டுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் தனி நாடாளுமன்றம், அமைச்சரவை, அரசமைப்பு எல்லாம் இருந்தது பின்னால்தான் தெரிந்தது. உள்நாட்டுக் கடவுச்சீட்டில் அவரவர் இனத்தை எழுதினார்கள். 1977 அரசமைப்பின் 72ஆவது பிரிவு பிரிந்துபோகும் உரிமையைக்கூடக் கொடுத்தது. யாரும் கேட்கத் துணிய மாட்டார்கள் என்ற தைரியம்! நிஜ அதிகாரம் கட்சியிடம் இருந்தது. தனி நாட்டுக்கு வேண்டிய சாமான்கள் அத்தனையையும் கையில் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு கயிற்றால் கட்டிவைத்தார்கள்.

யூகோஸ்லாவியாவில் அந்தக் கயிறே எட்டுப் புரியாகப் பிரிந்துவிட்டது. 1974 அரசமைப்பு ஆறு குடியரசுகளோடு, செர்பியாவுக்குள் இருந்த கொசோவோ, வோய்வோதினா மாகாணங்களுக்கும் ஏறக்குறைய சம அதிகாரம் தந்தது. நாட்டை நெடுங்காலம் ஆண்ட டிட்டோவுக்குப் பிறகு, இந்த எட்டுப் பகுதிகளுக்கும் ஆளுக்கொருவர் இருந்த தலைமைக் குழுவில் ஆளுக்கு ஒரு வருடம் தலைவர் பதவி. ஒரு கட்சிக்காரர் மேலே வர தன் குடியரசில் நல்ல பெயர் வாங்கினால் போதும். நாடு முழுக்கப் போய் மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டிய பதவி ஒன்றுகூடக் கிடையாது.

கட்டுரை ஒரே வரியில் தாண்டிப்போன பணத் தகராறுதான் என் பார்வையில் முக்கியமானது. 1965 முதல் பின்தங்கிய பகுதிகளுக்கென்று ஒரு மத்திய நிதி இருந்தது. வடக்கே இருந்த ஸ்லோவேனியக் குடியரசில் தலைக்கு வருமானம், தெற்கே இருந்த கொசோவோவைப் போலப் பல மடங்கு. நாங்கள் உழைப்பதெல்லாம் தெற்கே போகிறது என்று ஸ்லோவேனியர்கள் பொருமினார்கள். எங்கள் கனிமத்தை அடிமாட்டு விலைக்கு எடுத்துப்போகிறார்கள் என்று கொசோவோக்காரர்கள் பொருமினார்கள். இரண்டு பேரையும் பொய்யர்கள் என்று சொல்ல முடியாது. விலையை அதிகாரிகள் வைக்கும் இடத்தில் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்க்க வழியில்லை. அதனால் எல்லோரும் தாங்களே ஏமாந்ததாக நம்ப முடிந்தது. சோவியத்திலும் இதே கதைதான்: மாஸ்கோ சுரண்டுகிறது என்றார்கள் எஸ்தோனியர்கள், ஊருக்கெல்லாம் நாங்கள்தான் சோறு போடுகிறோம் என்றார்கள் ரஷ்யர்கள்.

கையில் காசு புழங்கியவரை சமாளித்தார்கள். 1980களில் வெளிநாட்டுக் கடன் சுமார் 2,000 கோடி டாலர். 1989இல் பணவீக்கம் ஆயிரம் விழுக்காட்டைத் தாண்டியது. பிரதமர் ஆன்டே மார்க்கோவிச் 1990 ஜனவரியில் 10,000 பழைய தினாரை ஒரு புதிய தினாராக்கி, ஏழு தினாருக்கு ஒரு ஜெர்மன் மார்க் என்று நிறுத்தினார். விலைவாசி அடங்கியது. அதே மாதம் பெல்கிரேடில் நடந்த கட்சி மாநாட்டிலிருந்து ஸ்லோவேனியர்கள் எழுந்து போனார்கள், பின்னாலேயே குரோஷியர்களும். நாடு தழுவிய கட்சி அத்தோடு முடிந்தது. அப்புறம் அந்த ஆண்டிலேயே ஆறு குடியரசுகளிலும் பலகட்சித் தேர்தல் வந்தது. நாட்டுக்கு என்று ஒரு தேர்தல் மட்டும் கடைசிவரை நடக்கவேயில்லை. மார்க்கோவிச்சின் கையில் திட்டம் இருந்தது, மக்கள் ஓட்டு இல்லை. டிசம்பரில் செர்பிய நாடாளுமன்றம் ரகசியமாகச் சட்டம் போட்டு, 100 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள தினாரை மத்திய அரசைக் கேட்காமலே எடுத்துக்கொண்டபோது அவரால் என்ன செய்ய முடியும்? மாஸ்கோவிலும் இதே வித்தியாசம்தான். சோவியத் அதிபர் கோர்பச்சேவ் மக்களின் நேரடி வாக்கில் வந்தவரல்ல. யெல்ட்சின் 1991 ஜூனில் ரஷ்யக் குடியரசின் அதிபராக அப்படித் தேர்வானவர்.

பழைய வெறுப்பு பொய் என்று சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போரில் உஸ்தாஷாக்கள் என்ற குரோஷிய பாசிசக் கூட்டத்தார் செய்த படுகொலைகளை நேரில் கண்டவர்கள் 1990இல் உயிரோடு இருந்தார்கள். ஆனால் அந்த நினைவு தானாக மேலே வரவில்லை. செர்பியத் தலைவர் மிலோசெவிச் அடிப்படையில் கட்சிக்காரர், வங்கி நிர்வாகி. கட்சி மேடை ஆட்டம் கண்டபோது அவருக்குக் கிடைத்த அடுத்த மேடை இனம். கொசோவோ, வோய்வோதினா தன்னாட்சியைப் பறித்து, மாண்டினீக்ரோவிலும் தன் ஆட்களை உட்காரவைத்து, தலைமைக் குழுவின் எட்டு ஓட்டில் நான்கைக் கைப்பற்றினார். அதன் பிறகு ஸ்லோவேனியா கதவைப் பார்த்து நடந்ததில் ஆச்சரியமில்லை. ரஷ்யாவுக்கு வெளியே இரண்டு கோடிக்கும் அதிகமான ரஷ்யர்கள் வாழ்ந்தும் யெல்ட்சின் குடியரசு எல்லைகளை ஏற்றுக்கொண்டார். மிலோசெவிச் ஏற்கவில்லை. சோவியத் பெரும்பாலும் கையெழுத்தில் முடிந்ததற்கும் யூகோஸ்லாவியா பெரும் போரில் முடிந்ததற்கும் இதுதான் முதல் காரணம்.

தொழிற்சங்கத்தில் என்னோடு இருந்த நண்பர் ஒருவர், எல்லாம் அமெரிக்கச் சதி என்பார். 1991 ஆகஸ்டில் கீவ் நகரில், தேசியவாத வெறியில் தற்கொலைப் பாதைக்குப் போகாதீர்கள் என்று உக்ரைனியர்களை எச்சரித்துப் பேசிய அமெரிக்க அதிபர் புஷ்ஷின் உரையை நினைவுபடுத்தினால் பேச்சை மாற்றிவிடுவார்.

கடைசியாக ஒரு திருத்தம். டிட்டோ பெல்கிரேடில் காலமானதாகக் கட்டுரையில் இருக்கிறது. 1980 மே 4 அன்று அவர் இறந்தது ஸ்லோவேனியத் தலைநகர் லூப்லியானாவில். உடலை ரயிலில் குரோஷியத் தலைநகர் ஜாக்ரெப் வழியாகத்தான் பெல்கிரேடுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நகரங்களிலும் மக்கள் திரண்டு நின்று அழுதார்கள். இன்று அவை மூன்று நாடுகளின் தலைநகரங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை