இரண்டாவது சாவியை முன்னாலேயே கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வண்டி திருட்டு பற்றிப் போன வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல பூட்டாகப் போடுங்கள், கேமரா இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள் என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் வண்டி போன பிறகு இன்சூரன்ஸ் ஆபீசில் என்னென்ன கேட்பார்கள் என்பதை யாரும் எழுதுவதில்லை. அங்கே போய் நின்றவன் என்பதால் எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். 15 வேலம்பாளையம் என்ற பகுதியில் வேலை. ஒரு சனிக்கிழமை ஒன்றரை ஷிப்ட் முடித்து, வாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு எட்டரை மணிக்கு மேல் வெளியே வந்தேன். காலையில் வேப்பமரத்தடியில் ஹேண்டில் லாக் போட்டு நிறுத்திய வண்டியைக் காணோம். எதிர் மளிகைக் கடை கேமராவைப் போட்டுப் பார்த்தோம். தொப்பி போட்ட பையன் ஒருவன் என் வண்டி மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் செல்போன் பார்க்கிறான். அப்புறம் ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்து ஒரே வெட்டு. லாக் உடைந்துவிட்டது. பின்னால் வந்த இன்னொருவன் தன் வண்டியில் இருந்தபடியே காலால் முட்டுக் கொடுத்துத் தள்ள, இரண்டு பேரும் போய்விட்டார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த லாக்கை நம்பித்தான் இரண்டரை வருடமாக அங்கே நிறுத்திக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரியே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குச் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். அதுவே போதும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். போதாது. இன்சூரன்ஸுக்கு எப்.ஐ.ஆர். வேண்டும். திருட்டு தெரிந்ததும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் உடனே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று பாலிசியில் இருக்கிறது. அது தெரியாமல், எப்.ஐ.ஆர். கைக்கு வந்த பிறகு ஆறாவது நாள்தான் போனேன். ஏன் தாமதம் என்றார்கள். போலீசில் உடனே புகார் கொடுத்து, திருட்டும் உண்மையாக இருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானதை மட்டும் காரணம் காட்டிப் பணத்தை மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எங்கள் கம்பெனியில் கணக்கு பார்க்கும் அண்ணன்தான் அதைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அந்தத் தாளைக் காட்டியதும் தாமதப் பேச்சு நின்றது.

சாவிப் பேச்சு நிற்கவில்லை. வண்டி வாங்கும்போது ஷோரூமில் கொடுத்த இரண்டு ஒரிஜினல் சாவியையும் ஒப்படைக்க வேண்டுமாம். என்னிடம் ஒன்றுதான் இருந்தது. மற்றது முந்தின வருடம் ஆடிப்பெருக்குக்குக் கொடிவேரி போனபோது தண்ணீரோடு போய்விட்டது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சாவி போடுகிறவரிடம் வேறொன்று வெட்டி வைத்திருந்தேன். இரண்டையும் மேசையில் வைத்தேன். விசாரணைக்கு வந்தவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றில் வண்டிக் கம்பெனி முத்திரை தேய்ந்து தெரிந்தது. மற்றதில் முத்திரையே இல்லை, வெட்டின ஓரத்தில் பிசிறு. “இது கடையில போட்டதுங்களா?” என்றார். ஆமாங்க என்றேன். சாவி தொலைந்ததற்கு ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த ரசீது இருக்கிறதா, லாக் செட்டை மாற்றினீர்களா, எங்களுக்குத் தெரிவித்தீர்களா என்று கேட்டார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை.

அவர் கேட்டதில் தப்பில்லை. ஒரு சாவி எங்கேயோ இருக்கும்போது வண்டி போனால், அதை வைத்திருப்பவன் எடுத்தானா, வண்டிக்காரனே விற்றுவிட்டு வந்தானா என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். என் வருத்தமெல்லாம், இவ்வளவு முக்கியமான விஷயத்தைப் பாலிசி போட்ட அன்று ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பதுதான். வண்டியைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எல்லாம் எடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் அதில் இருக்கிறது, பொடி எழுத்து இங்கிலீஷில். எங்கள் லைனில் அதைப் படித்துப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் எத்தனை பேர்?

கேமரா பதிவு இருந்ததால் நான் தப்பித்தேன். வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸ் சான்றிதழ் வரப் பல மாதம் ஆனது. அதற்குப் பிறகும், சாவிக் குறையால், முழுப் பணம் இல்லை, 75 சதவீதம்தான். ஷோரூம் விலை 90,000 ரூபாய். இரண்டு வருடம் தாண்டிய வண்டிக்கு 30 சதவீதம் கழித்து 63,000 ரூபாய்தான் பாலிசியில் போட்டிருந்தது. அதில் முக்கால் பங்கு 47,000 சொச்சம். பைனான்ஸ் பாக்கியை அவர்கள் எடுத்துக்கொண்டது போக என் கைக்கு வந்தது 33,000 சொச்சம். வண்டி இல்லாத அத்தனை மாதமும் தவணையை நிறுத்தாமல் கட்டினேன். அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் போட்டிருந்தால் இதுவும் கிடையாது. திருட்டுக்கு அதில் ஒரு பைசா வராது.

என் பெரியம்மா மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே பைக்குக்கு இன்சூரன்ஸ் போடும்போதே ராத்திரி வண்டி எங்கே நிற்கும், என்ன பூட்டு, அலாரம் உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்வார்களாம். தாட்சம் என்ற அமைப்பு சான்று கொடுத்த இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினைக் கிளப்ப விடாத கருவி) வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கிற கம்பெனிகளும் உண்டு. மாட்டியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மாட்டாமல் விட்டால் பணம் கிடைப்பது கஷ்டம். கடுமைதான், ஆனால் கேள்வி முன்னாலேயே வந்துவிடுகிறது.

இங்கேயும் திருட்டுத் தடுப்புக் கருவிக்குத் தள்ளுபடி என்று ஒன்று இருக்கிறது. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி அமைப்பு ஒப்புதல் கொடுத்த கருவியாக இருக்க வேண்டும், மாட்டியதற்குச் சான்றும் வேண்டும். சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் இரண்டரை சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய். கார்க்காரருக்கு அது ஒரு தொகை. எனக்கு அந்தப் பிரீமியம் 800 ரூபாய் சுமார், தள்ளுபடி 20 ரூபாய். அந்த 20 ரூபாய்க்கு யாரும் கருவி வாங்க மாட்டார்கள். இரண்டு சக்கர வண்டிக்காவது இதைத் தொகையாக நிர்ணயித்து உயர்த்த வேண்டும். சக்கரத்தின் பிரேக் டிஸ்கில் மாட்டும் சாதாரண டிஸ்க் லாக், சங்கிலி வாங்கிய பில்லைக் காட்டினாலும் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

இப்போது பழைய வண்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். முன் சக்கரத்தில் டிஸ்க் லாக், பின் சக்கரத்தில் சங்கிலி கோத்துக் கம்பத்தோடு பூட்டு. டிஸ்க் லாக்கோடு வரும் சுருள் கயிறை மறக்காமல் ஹேண்டிலில் மாட்டிவிடுங்கள். எங்கள் லைனில் ஒரு தம்பி பூட்டு இருப்பதை மறந்து வண்டியைக் கிளப்பி, விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டான். தோட்டம் காட்டுக்குப் போகிறவர்கள் வைத்திருக்கும் எக்ஸ்.எல். போன்ற வண்டிகளில் டிஸ்க் கிடையாது, அதற்குச் சங்கிலிதான். புது வண்டியில் ஒயரை வெட்டி அலாரம் மாட்டுவதற்கு முன்னால் வாரண்டி என்ன ஆகும் என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

பணத்தை மறுத்தாலும் குறைத்தாலும் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். எனக்கு இது தெரிய வந்தபோது அந்த ஒரு வருடம் தாண்டிவிட்டது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டி பாலிசியில் திருட்டு சம்பந்தமான நிபந்தனைகளை மட்டும் நல்ல தமிழில், பெரிய எழுத்தில், கால் பக்கத்துக்கு வெளியிடுங்கள். வெட்டி எடுத்து எங்கள் கம்பெனி டைம் ஆபீஸ் பக்கத்தில் ஒட்டுகிறேன். ஒட்டிக்கொள்ளலாமா என்று மேனேஜரிடம் கேட்டு வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
டெய்லர் ஒருவர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.